வீட்டுக்குள் ஒரு பரீட்சை ஹால்

மகள் பிளஸ் டூ படித்த அந்த வருடம், எனக்குத் தூக்கம் என்பதே பஸ்ஸில் வருகிற ஒன்றாகிவிட்டிருந்தது. பரீட்சை டூட்டிக்குப் போக செங்கல்பட்டில் ஏறி உட்கார்ந்தால் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் கண் சொருகிவிடும். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பலாக இறங்குகிற சத்தத்தில் ஒருமுறை விழிப்பேன். காலியான ஜன்னலோர சீட்டுக்கு நகர்ந்து, மாமல்லபுரம் வரை மறுபடி தூங்குவேன். கண்டக்டர் என்னை எழுப்பப் பழகியிருந்தார். "டீச்சர், ஊரு வந்துடுச்சு, எறங்குங்க" என்று சீட்டுக் கம்பியைத் தட்டுவார்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். பொதுத்தேர்வு வந்தால் எங்களுக்கு வேறு வேறு ஊர்களில் அறைக் கண்காணிப்பு டூட்டி போடுவார்கள். சொந்தப் பிள்ளை எழுதுகிற மையத்தில் போட மாட்டார்கள். அது சரியான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பெண் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற பள்ளியில் எழுத, நான் கடலோரம் வரை போய் யார் யார் பெற்ற பிள்ளைகளையோ மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இதில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. இயற்பியல் பரீட்சை அன்று இயற்பியல் ஆசிரியர்களுக்கு டூட்டி கிடையாது. மற்ற அம்மாக்களைப் போல நானும் பள்ளிக்கூட கேட்டில் போய் நிற்கலாம். அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ மாதமாகக் காத்திருந்தேன்.

பரீட்சை வருடத்து வீடு எப்படி இருக்கும் என்று அதைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபிளை நிறுத்தினோம். மூன்று கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் என் கணவர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வல்லாரைத் துவையல் அரைத்தேன். "இதைத் தின்னு தின்னு எனக்கு ஞாபகம் இருக்கறது வல்லாரை மட்டும்தான்மா" என்றாள் மகள். நான் சிரித்திருக்கலாம். "சாப்புடும்போது பேசாத" என்றேன். ஊரப்பாக்கத்தில் இருக்கிற நாத்தனார் வாரம் தவறாமல் போன் போட்டு, "எந்த காலேஜுன்னு முடிவு பண்ட்டீங்களா அண்ணி?" என்று கேட்பாள். இன்னும் பரீட்சையே வரவில்லை என்று நானும் வாரம் தவறாமல் சொல்வேன்.

என் கணவருக்கு மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத மனிதர். மகளின் படிப்பில் அவர் பங்கு என்னவென்றால், அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய் ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டு வருவது. அதற்கும் நான் கத்துவேன், பேப்பர் பறக்கிறது என்று.

இனி என் தவறைச் சொல்கிறேன். அப்போது அது தவறு என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

இருபது வருடமாகத் தேர்வு அறைகளில் நின்றவள் நான். பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் கடைசிக் கால் மணி நேரத்தில்தான். பரீட்சை முடியக் கால் மணி இருக்கும்போது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு எச்சரிக்கை மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் பதறிவிடுவார்கள். கேள்வி எண்ணை மாற்றிப் போடுவார்கள், பதிவெண்ணைச் சரிபார்க்க மறப்பார்கள், எழுதாமல் விட்ட பக்கங்களில் குறுக்குக் கோடு போட்டு அடிக்காமல் எழுந்துவிடுவார்கள். பிறகு யாரும் அதில் எதையும் எழுதிச் சேர்க்க முடியாதபடி அந்த வெற்றுப் பக்கங்களை அடித்துத்தான் கொடுக்க வேண்டும். என் பெண் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பொங்கல் முடிந்ததும் வீட்டிலேயே ஒரு பரீட்சை ஹாலைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணி. டைனிங் டேபிளைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைக்கூடக் கிழித்துவிட்டு, வெள்ளைத்தாளை விடைத்தாள் மாதிரியே தைத்துக் கொடுப்பேன். மணிக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். கணவரை மாடிக்கு அனுப்பிவிடுவேன். மூன்று மணி நேரமும் நான் உட்கார மாட்டேன். சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். ஒரே ஒரு பிள்ளையை அவ்வளவு நடந்து கண்காணித்தவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஹாலுக்கு என்று ஒரு சட்டம் வைத்தேன். எச்சரிக்கை மணி அடித்த நொடியே எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. பதிவெண்ணைப் பார், பக்க எண்ணைப் பார், வெற்றுப் பக்கங்களை வரிசையாக அடி, பேனாவை மூடு. கால் மணி முன்னதாகவே முடித்துப் பழகினால் அசல் பரீட்சையில் பதற்றமே இருக்காது என்பது என் கணக்கு. முதல் இரண்டு வாரம் அவள் மணி அடித்த பிறகும் எழுதினாள். தாளைப் பிடுங்கினேன். மூன்றாவது வாரத்திலிருந்து தட்டில் கரண்டி பட்டதும் பேனா நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, பள்ளியில் ஆசிரியர் அறையில் சொல்லிக்கூடப் பீற்றிக்கொண்டேன்.

போதாக்குறைக்கு, சாப்பாட்டு நேரத்தில் என் டூட்டிக் கதைகள். பிட் வைத்திருந்து பிடிபட்டவன் கதை, பறக்கும் படை வந்த கதை. ஒருத்தி தான் எழுதிய பதிலையெல்லாம் தானே கோடு போட்டு அடித்துக் கொடுத்துவிட்டாள், அப்படிச் செய்தால் அடுத்த இரண்டு முறை எழுத விடமாட்டார்கள் என்ற கதை. மகள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். பயம் இருந்தால்தான் கவனம் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

பரீட்சைகள் தொடங்கின. தமிழ், ஆங்கிலம், கணினி, வேதியியல் எல்லாம் போயின. காலையில் எழுந்து சமைத்து, அவளுக்குத் தட்டில் வைத்து, ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்து, எனக்கு டப்பாவில் தயிர்சாதம் அடைத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். மாமல்லபுரத்து மையத்தில் கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து கேள்வித்தாளைத் தூக்கும். பிள்ளைகள் ஸ்கேலை மேலே வைத்துக்கொண்டு எழுதுவார்கள். அடுத்த தெருவில் சிலை செய்யும் பட்டறை. பரீட்சை நாட்களில் பத்து மணி முதல் அந்தப் பட்டறைக்காரர் கல் அறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு உளியை மட்டும் வைத்து வேலை செய்யச் சொல்வார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியை சொன்னார். எனக்குத் திரும்பி வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மகளிடம் கேள்வித்தாளைக் கேட்பேன்.

இயற்பியல் நாள் வந்தது. நான் காத்திருந்த நாள். பன்னிரண்டரைக்கே போய் கேட்டில் நின்றுவிட்டேன். ஏற்கெனவே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒரு அம்மா குளுக்கோஸ் கரைத்த பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒரு அப்பா பைக்கை நிழலுக்கு நிழல் மாற்றிக்கொண்டிருந்தார். யாருக்கும் யாரிடமும் பேசத் தெம்பில்லை. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி தூக்கமின்மை. உள்ளே எச்சரிக்கை மணி அடித்தது கேட்டது. இந்நேரம் என் பெண் பேனாவை மூடியிருப்பாள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவள் வெளியே வந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேராக என்னிடம் நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். குளுக்கோஸ் பாட்டில் வைத்திருந்த அம்மா தன் பெண்ணின் வாயில் பாட்டிலை வைத்தாள். நான் கையை நீட்டினேன், கேள்வித்தாளுக்கு.

"முப்பத்தெட்டுல எது எழுதின?" என்றேன். அது கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வி, கொடுத்த இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். ஒளிமின் விளைவு வந்திருந்தது. நானே வீட்டில் நாலு முறை நடத்திய பாடம்.

"எழுதிட்டேன்" என்றாள்.

"எல்லாமே?"

"எல்லாமேதான்மா."

வழியெல்லாம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு மார்க்கில் இரண்டு தப்பு என்று கண்டுபிடித்து, அதற்கு இரண்டு தெரு தூரம் திட்டினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள்.

கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை. அதுதான் கடைசி. நடுவில் கிடைத்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. கடைசிப் பரீட்சை வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற அலுப்பு என்று நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கே அலுப்பாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துப் படித்து அர்த்தம் கண்டுபிடிக்கிற தெம்பு என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணக்குக்கு ஒரு கடைசி ஒத்திகை வைத்துவிடலாம் என்று டேபிளை இழுத்துப் போட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள். தாளைக் கொடுத்தேன். பத்து மணிக்குத் தட்டில் கரண்டியால் அடித்தேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"இன்னா? வயிறு வலிக்குதா?"

"எழுத மாட்டேன்மா."

"சரி, அரை மணி கழிச்சு எழுது."

"நாளைக்கும் போக மாட்டேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்து முறைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல், டேபிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இயற்பியலில் முப்பத்தெட்டாவது கேள்வியைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தாளாம். அதற்குள் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

"மணி அடிச்சதும் கை தானா பக்கத்தை அடிக்க ஆரம்பிச்சுடுச்சும்மா. வரிசையா எல்லாப் பக்கமும் அடிச்சிட்டேன். கடைசிப் பக்கம் வந்தப்புறம்தான் ஒரு கேள்வி பாக்கி இருக்கறதே ஞாபகம் வந்துச்சு. எழுத எடமே இல்ல."

கோபம் வந்தால் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் போய்விடும். "கால் மணி நேரம் சும்மாவா குந்திகினு இருந்த?" என்று கத்தினேன். "அடிஷனல் ஷீட் கேக்கறதுக்கு இன்னா? வாய் இல்ல உனுக்கு?"

"அடிச்ச பக்கத்தைப் பாத்துட்டு ஏன் அடிச்சன்னு கேப்பாங்களோன்னு பயந்துட்டேன். நீதானே சொன்ன, அடிச்சா ரெண்டு வாட்டி எழுத வுடமாட்டாங்கன்னு."

"அது எழுதுன பதிலை அடிச்சா! வெத்துப் பக்கத்துக்கு யாருடி கேக்கப் போறாங்க?"

"எனக்கு அப்ப ஒண்ணுமே தெரியலம்மா."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "சொல்லணும்னுதான் உன்கிட்ட வந்தேன். நீ பேப்பருக்கு கையை நீட்டின."

அதற்குப் பிறகாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஐந்து மார்க் போனால் என்ன ஆகும், கட்-ஆஃப் எவ்வளவு குறையும், நாளைக்குப் போகாவிட்டால் மொத்தப் பரீட்சையும் ஃபெயில், துணைத்தேர்வு எழுதி ஒரு வருடம் பின்னால் நிற்பாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயங்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நாளைக்கும் அங்க மணி அடிப்பாங்கம்மா. மூணு மணி நேரமும் அது எப்ப அடிக்கும்னே நெனச்சுகினு இருப்பேன். எனக்கு கணக்கு வராது."

சத்தம் கேட்டு என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன், எனக்குச் சாதகமாக. அவர் முழுவதும் கேட்டார்.

"இப்ப இன்னாத்துக்கு கத்தினுகீற? காலையில இருந்து அது ஏதாச்சும் துன்னுச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் டேபிள் மேல் இருந்த தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அவற்றைக் கழுவுகிற சத்தம் கேட்டது. மகள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அவள் புத்தகத்தைத் தொடவில்லை. சாயந்தரம் நான் மையத்துக்குப் போன் செய்து மறுநாள் வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். கணக்கு அன்று ரிசர்வில் ஒரு ஆள்கூட இல்லை, எப்படியாவது வந்துவிடுங்கள் மேடம் என்று கெஞ்சினார்கள். நான் காரணத்தைச் சொல்லவில்லை. என் பெண் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்று இன்னொரு ஆசிரியரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிலையிலும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, இமை ஆடியது. நான் குளித்து, சேலை கட்டி, கைப்பையோடு அவள் கட்டிலருகே நின்றேன். சொல்வதற்கு மூன்று விதமான பேச்சுகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்று மிரட்டல், ஒன்று கெஞ்சல், ஒன்று மன்னிப்பு. மூன்றுமே கடைசியில் 'அதனால் எழுந்து போ' என்றுதான் முடிந்தன. எதையும் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த வாரம் என் கணவருக்கு இரண்டாவது ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தார். "நீ கெளம்பு, பஸ்ஸு பூடும்" என்றார்.

"அவ எழுந்திரிக்கவே இல்லியே."

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க இன்னா பாப்பீங்க? அவ கிட்ட இன்னா பேசணும்னாவது தெரியுமா?"

"ஒண்ணும் பேச மாட்டேன். நீ கெளம்புன்றேன் இல்ல."

கிளம்பினேன். பஸ்ஸில் அன்று தூக்கம் வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் மொட்டையடித்த குழந்தைகளோடு ஒரு குடும்பம் இறங்கியது. இறங்கி ஓடி எதிர்ப்பக்கம் வருகிற பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நானும் எழுந்தேன். எழுந்து என்ன செய்வேன்? மறுபடியும் கட்டிலருகே போய் நிற்பேன். உட்கார்ந்துவிட்டேன்.

மையத்தில் எல்லாக் கண்காணிப்பாளர்களும் செல்போனைத் தலைமையாசிரியை அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒப்படைப்பதற்கு முன் கணவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தேன். "மேடம், உங்களது ஒண்ணுதான் பாக்கி" என்றார்கள். கொடுத்துவிட்டேன். அதன் பிறகு குலுக்கல் சீட்டு எடுத்தேன், ஏழாம் அறை வந்தது. விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு போனேன். பத்து மணி அடித்தபோது, செங்கல்பட்டில் என் பெண் அவள் பெஞ்சில் இருக்கிறாளா, வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

என் அறையில் இருபது பேர். பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச் காலி. மேசையில் சாக்பீஸால் எழுதிய பதிவெண் மட்டும் இருந்தது. தாமதமாக வருகிறவர்களுக்கு உண்டான நேரம் வரை காத்திருந்துவிட்டு, வராதவர்களின் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ஆப்சென்ட் என்று குறிக்க வேண்டும். இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு அப்படிக் குறித்திருக்கிறேன். வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. பொறுப்பில்லாத பெற்றோர் என்று மட்டும் சில சமயம் நினைத்திருக்கிறேன்.

அன்று சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் கூட நின்றேன். பட்டறையிலிருந்து உளிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இதே நேரத்தில் செங்கல்பட்டில் யாரோ ஒரு டீச்சர் என் பெண்ணின் எண்ணுக்கு நேரே பேனாவை வைத்திருப்பாள் என்று தோன்றியது. வராண்டா வழியாக மையத்தின் துறை அலுவலர் வந்து, "என்னங்க மேடம், ஆப்சென்ட் எத்தனை?" என்று கேட்டார். குறித்துக் கொடுத்தேன். என் கையெழுத்து எனக்கே தெரியாத மாதிரி இருந்தது.

மூன்று மணி நேரம் நடந்தேன். பிள்ளைகள் எழுதினார்கள். அவர்கள் குனிந்த தலைகளைப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு வீடும் அங்கே கத்திக் களைத்த ஒருத்தியும் இருப்பார்கள் என்று தோன்றியது. எச்சரிக்கை மணி அடித்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாங்கள் அந்த நேரத்தில் வழக்கமாகச் சொல்வது, 'பதிவெண் சரிபாருங்க, வெத்துப் பக்கத்தை அடிங்க' என்பது. என் வாயில் அது வரவில்லை.

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு" என்றேன். "யாரும் எதையும் இப்ப அடிக்காதீங்க. தெரிஞ்சதை எழுதுங்க. இடம் இல்லன்னா என்கிட்ட கேளுங்க, ஷீட் தர்றேன். கேட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சில பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். முதல் பெஞ்ச் பெண் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

விடைத்தாள்களை எண்ணி, கட்டி, ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது. போனை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கையில் போன் இருந்தும் உடனே அடிக்கவில்லை. தெரிந்துகொள்ளாத வரைக்கும் அவள் போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. பழக்கடை நிழலில் நின்று கடைசியில் அடித்தேன்.

"பரீட்சைக்குப் போச்சா?" என்றேன்.

"போச்சு. முழுசா எழுதிட்டுதான் வந்துச்சு. அப்பவே இட்டாந்தேன். இப்ப துன்னுகினுகீது" என்றார். அவர் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டாராம்.

அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்கவில்லை. பழக்காரர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "எப்படிங்க? அவகிட்ட இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"அப்பறம் எப்படி எழுந்துச்சு?"

அவர் சொல்லத் தயங்கினார். அவருக்கு எதையும் மாற்றிச் சொல்லத் தெரியாது. "நீ போனப்புறம் ஒரு பத்து நிமிசம் இருக்கும். 'அம்மா போயிடுச்சா'ன்னு கேட்டுச்சு. போயிடுச்சுன்னேன். 'நிஜமாவே பஸ்ஸு ஏறிடுச்சா'ன்னுச்சு. ஆமான்னேன். எழுந்து போய் குளிச்சிட்டு, நாலு இட்லி துன்னுட்டு, 'வண்டியை எடுப்பா'ன்னுச்சு. அவ்ளோதான்."

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒரு வருடமாக நான் அவளுக்காகக் கண் விழித்தேன், அரைத்தேன், தைத்தேன், நடந்தேன், கத்தினேன். இவ்வளவிலும் அவளை எழுந்து உட்கார வைத்தது, நான் வீட்டை விட்டுக் கிளம்பியது ஒன்றுதான். யார் மேல் கோபப்படுவது என்று தேடினேன். ஆள் கிடைக்கவில்லை.

செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது, என் கால்கள் விட்டால் போதும் என்றன. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். காலையில் பார்த்த அதே கண்டக்டர் உள்ளேயிருந்து, "ஏறுங்க டீச்சர், சீட்டு கீது" என்றார்.

இப்போது ஏறினால் மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அவள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகொள்வாள். நான் எதுவும் கேட்காவிட்டாலும் நிமிர்ந்துகொள்வாள்.

"நீங்க போங்க, நான் அடுத்த வண்டியில வரேன்" என்று காலை எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வண்டியிலும் நான் ஏறவில்லை.